இருபத்தாறாவது நொடி

இப்போதெல்லாம் ஒருத்தன் விழுந்தால் கை கொடுக்க யாரும் வருவதில்லை. போனை எடுக்கிறார்கள். போன மாதம் லஸ் முனையில் ஒரு அம்மா ஸ்கூட்டரோடு சாய்ந்தாள். சுற்றி ஒன்பது பேர், ஒன்பது போன். எண்ணிப் பார்த்தேன். தூக்கிவிட்டவன் இளநீர் வண்டிக்காரன். அவனிடம் இருந்தது பட்டன் போன்.

பேய்க் கதை கேட்டீர்கள். கரண்ட் வரும்வரை சொல்கிறேன். நான் பேயை நம்புகிறவன் இல்லை. மனுஷனையே நம்புவதில்லை, பேயை எங்கே நம்புவது? என் சிநேகிதன் அய்யாதுரையின் அக்கா மகனுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். அந்த டார்ச்சை அணையுங்கள். கண்ணில் குத்துகிறது.

மணி ஒன்றே முக்கால். மந்தவெளியில், பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற தெரு. கடைசி பஸ் உள்ளே போய் அடங்கிய பிறகு அந்தத் தெருவில் நாய்கூட நடக்காது. நான் அங்கே ஒரு கட்டடத்தில் ராக்காவல். இரண்டாம் மாடியில் சாய்நாத்தின் அறை. அவன்தான் அய்யாதுரையின் அக்கா மகன். பழைய கேசட், கல்யாண டேப், போனில் எடுத்தது... எதைக் கொடுத்தாலும் டிவியில் ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுப்பான்.

மற்றக் கடைகளில் படத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டுவார்கள். இவன் அப்படி இல்லை. கறுப்புத் திரை. அதில் எழுத்து. எந்த நொடியில் ஆரம்பிக்கணும், எந்த நொடியில் நிறுத்தணும், ஒரே வரி தட்டுவான். கம்ப்யூட்டர் செய்யும். பிடிக்காவிட்டால் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கும், சிவப்பு எழுத்தில் நின்றுவிடும். படத்தைப் பார்க்காமல் படத்தை வெட்டுகிறவனை எப்படி நம்புவது? அவன் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். சிரிப்பான்.

அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. செருப்பில்லாமல் படியிறங்கி வந்தான்.

"மாமா, கொஞ்சம் மேல வா. எனக்கு மட்டும்தான் கேக்குதான்னு பாரு."

போனேன். அறையில் டீசல் வாடை. உப்பு வாடை. ஏசி கசிந்திருக்கும் என்று நினைத்தேன். ஏசிக்கு ஏது டீசல் வாடை...

விஷயம் இதுதான். அன்று சாயங்காலம் பட்டினப்பாக்கத்திலிருந்து பாண்டுரங்கன் என்று ஒருத்தன் வந்திருக்கிறான். படகுக்காரன். போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் அவனும் அவன் கூட்டாளி ஆரோக்கியராஜும் கடலுக்குப் போனார்கள். திரும்பி வந்தது பாண்டுரங்கன் மட்டும். அலை அடித்தது, தலை மோட்டாரில் பட்டது, அந்த நிமிஷமே போய்விட்டான், கஷ்டப்படவே இல்லை. ஆரோக்கியராஜின் அம்மா தேசம்மாவிடம் இப்படிச் சொன்னான். மூன்றாம் நாள் உடம்பு திருவான்மியூர்ப் பக்கம் ஒதுங்கியது. உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. மீன் கடித்தது என்றார்கள். மீன் உள்ளங்கையை மட்டுமா கடிக்கும்? யாரும் கேட்கவில்லை.

கஷ்டப்படவில்லை என்ற அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அந்த அம்மா ஒரு வருஷமாகச் சோறு தின்று கொண்டிருந்தாள்.

பாண்டுரங்கன் போனில் அன்றைக்கு எடுத்த படம் ஒன்று இருந்தது. நாற்பத்தெட்டு நொடி. முதல் சில நொடியை அந்த அம்மாவிடம் காட்டியிருக்கிறான், மகன் சிரிக்கிறான் பார் என்று. வருஷ நினைவு வருகிறது, அதை டிவியில் போட வேண்டும் என்று அவள் பிடித்துக்கொண்டாள். மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சாய்நாத்திடம் வந்து, சிரிப்போடு நிறுத்திக் கொடு என்றான். போனிலேயே வெட்டலாமே என்று இவன் கேட்டிருக்கிறான். வெட்டிப் பார்த்தானாம்... வெட்டின இடத்தில் நிற்கவில்லையாம்.

சாய்நாத் முழுப் படத்தையும் எனக்குப் போட்டுக் காட்டினான். ஆரோக்கியராஜ் படகு விளிம்பில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, பல் தெரியச் சிரிக்கிறான். இருபத்தாறாவது நொடி வரைக்கும் சிரிப்பு. பிறகு ஒரு கை வந்து அவன் நெஞ்சில் தள்ளுகிறது. விளையாட்டுக்குத்தான். அவன் தண்ணீரில். படகு நகர்கிறது. "கயிறு போடுடா பாண்டு"... முதலில் சிரித்துக்கொண்டு கேட்கிறான். அப்புறம் சிரிக்காமல். படம் ஆடவே இல்லை, அவ்வளவு நிதானமாகப் பிடித்திருக்கிறான். பாண்டுரங்கன் குரல் மட்டும் பக்கத்தில் கேட்கிறது.

"இன்னும் கொஞ்சம் கெஞ்சு மச்சி. நல்லா வருது."

அதோடு படம் முடிந்தது.

சாய்நாத்துக்கு வந்த தகராறு வேறு. இருபத்தாறாம் நொடியில் நிறுத்து என்று தட்டினான். படம் நின்றது. சத்தம் நிற்கவில்லை. சிரித்த முகம் அப்படியே நிற்க, அதற்கு மேல் நாலு நொடி "கயிறு... கயிறு..."

"அது சகஜம் மாமா" என்றான். படத்தைப் புதுசாக உருவாக்காமல் இருக்கிறபடியே நறுக்கினால் சத்தம் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்குமாம். சரி என்று முழுசாகப் புதுசாக உருவாக்கியிருக்கிறான். சத்தம் இருபத்திரண்டு நொடி நீண்டது. கடைசியில் சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்தான். அது எவ்வளவு நீளம் என்று என் கண் முன்னால் ஒரு வரி தட்டிக் கேட்டான்.

இரண்டு மணி நேரம் நாற்பது நிமிஷம்.

போன் எடுத்தது நாற்பத்தெட்டு நொடி. மறுபடி தட்டினான். அதே பதில். மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை.

காதில் மாட்டுகிறதை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டோம். நல்லா வருது என்ற குரலுக்குப் பிறகு மோட்டார் சத்தம்... தூரமாகப் போகிறது. யோசித்துப் பாருங்கள். போன் படகில் இருந்தது. படகுதான் போகிறது. அப்புறம் மோட்டார் எப்படித் தூரமாகும்?

பிறகு தண்ணீர். சளப்... சளப்... தள்ளிப் போட்டான். ஒரு மணி நேரம் தாண்டி. சளப். தொண்டை கட்டிய குரல், "கயிறு." யாரிடமும் இல்லை, சும்மா. இன்னும் தள்ளினான். இரண்டு மணி நேரம் முப்பத்தெட்டு நிமிஷம் தாண்டி. பல் கிட்டுகிற சத்தம். மூக்கால் இழுக்கிற மூச்சு. அது காதுக்குள்ளிருந்து வந்தது. பிடுங்கிப் போட்டேன்.

சாய்நாத் என்னைப் பார்த்தான். "அந்தம்மாகிட்ட சொல்லிடலாமா மாமா? உடனே போய்ட்டான்னு நெனச்சிக்கினு கீது."

நான் சொன்னது இது. மறைக்கப் போவதில்லை. "உனக்கு எதுக்குடா வம்பு. செத்தவன் எழுந்து வரப் போறானா? சத்தத்தைப் பிடுங்கிப் போட்டுட்டு வெட்டிக் குடு." அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். கதவு சாத்தியிருந்தது.

சத்தம் வேண்டாம் என்று அந்த வரியில் ஒரு சொல் சேர்த்தான். மாதா கோயிலில் வாசிக்கிற கீபோர்டு இசை நாலு நிமிஷம் அடியில் போட்டான். சிரிப்பு இருபத்தாறு நொடி, பாட்டு நாலு நிமிஷம். மிச்ச நேரத்துக்குக் கடைசி முகத்தை அப்படியே நிறுத்திப் பிடித்தான், பாட்டு முடிகிற வரைக்கும். ஒரே தடவையில் முடிந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

வருஷ நினைவு அன்றைக்குச் சாய்நாத்தோடு நானும் போனேன். டிவியில் ஏதாவது கோளாறு வந்தால் அவன் இருக்க வேண்டும் என்று பாண்டுரங்கன் சொல்லியிருந்தான். மாதா கோயிலில் பூசை முடிந்து, தேசம்மாவின் குடியிருப்பு வாசலில் பந்தல். பிரியாணி அண்டா. நாற்பது ஐம்பது பேர். பாண்டுரங்கன்தான் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தான். சொந்தப் பிள்ளை மாதிரி.

தேசம்மா டிவிக்கு ஒரு முழத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஏன் இவ்வளவு கிட்டே என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டேன்.

"அதுக்குக் காது கேக்காதே. இருபது வருஷமா. மார்க்கெட்ல வெல பேசுறதுகூட வாயப் பாத்துதான். ஒரு சொல்லு தப்பாது" என்றான்.

சாய்நாத் கையிலிருந்த ரிமோட் கீழே விழுந்தது. யாரோ எடுத்து அழுத்தினார்கள்.

படம் ஓடியது. சிரிப்பு. இருபத்தாறு நொடி. நின்றது. கீபோர்டு. திரையில் நின்றுபோன முகம். நான் உற்றுப் பார்த்தேன், என் கண்ணில் குறை கிடையாது. ஒன்றும் அசையவில்லை. போட்டோ மாதிரிதான் நின்றது. பெண்கள் அழுதார்கள். தேசம்மா அழவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது, வாத்தியார் சொல்வதைத் திருப்பிச் சொல்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பிறகு மேடு பள்ளம் இல்லாத குரலில், சத்தமாக...

"கயிறு போடுன்றான். பாண்டுகிட்ட கேக்குறான். இன்னாத்துக்குடா பாண்டு நீ போடல?"

கீபோர்டு மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. பாண்டுரங்கன் சிரித்தபடி அவள் தோளில் கை வைத்தான். அவள் திரும்பவில்லை.

"இருட்டிடுச்சுன்றான். படகு வெளிம்பப் புடிச்சதுல கை எரியுதுன்றான். இன்னும் உயிரோடதான் கீறேன்னு சொல்றான்."

பெண்கள் அவளைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். பிள்ளை போன துக்கம், புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பிரியாணி பரிமாறினார்கள். எல்லோரும் சாப்பிட்டோம். பாண்டுரங்கன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

இன்றைக்கும் அவன் கடலுக்குப் போகிறான். ஒரு கீறல் இல்லை. போன மாதம் புது மோட்டார் வாங்கினான். பேய் என்று ஒன்று இருந்தால் அவனைத்தானே பிடிக்க வேண்டும்? நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

பிடித்தது அந்த அம்மாவை. மறுநாளிலிருந்து மார்க்கெட்டில் மீன் கூடையை இறக்கிய கையோடு மந்தவெளிக்கு வந்துவிடுவாள். மீன் வாடையோடு இரண்டு மாடி ஏறி, போடு என்பாள். அவன் இன்னும் பேசி முடிக்கவில்லை என்பாள். சாய்நாத் அழித்துவிட்டேன் என்றான். அவள் படியிலேயே உட்கார்ந்தாள். ஒரு வாரம். மறுபடி எப்படியோ எடுத்து ஓட்டிக் காட்டினான். தினமும் நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்தில் மகன் சொன்னது ஒவ்வொன்றையும் அவள் வாய்விட்டுச் சொல்வாள். இரண்டு மணி நாற்பது நிமிஷச் சாவை நாலு நாலு நிமிஷமாகப் பெற்றவள் கேட்டாள்.

தாங்க முடியாமல், அந்த நின்ற முகத்தை மட்டும் எடுத்து போட்டோவாகப் போட்டுக் கொடுத்தான். இதில் அசைய முடியாது, காகிதம்தானே என்று. அவள் வாங்கிக் கையில் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தாளாம். பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டாளாம், உன் பேரு சாய்நாத்தா என்று. அவளிடம் அவன் பேரைச் சொன்னதே இல்லை.

அன்றைக்கு அறையைப் பூட்டியவன்தான். இப்போது தி. நகரில் அய்யாதுரை வீட்டில் கிடக்கிறான். பேச்சு வருவதில்லை. வாய் அசைகிறது, சத்தம் வராது. தொண்டையில் கோளாறு இல்லை என்று இரண்டு டாக்டர் சொல்லிவிட்டார்கள். பயந்தாங்கொள்ளி, வேறொன்றும் இல்லை.

முந்தாநாள் ராத்திரி. மணி அதே ஒன்றே முக்கால். கேட்டுக்கு வெளியே தேசம்மா நிற்கிறாள். கூடை இல்லை. கையில் போட்டோ. மாடியில் ஆள் இல்லை, போம்மா என்று வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தெரு விளக்கில் போட்டோவைப் பிடித்து, மெதுவாக, அதே மேடு பள்ளம் இல்லாத குரலில்...

"வெள்ளைத்துரைன்றது நீதானா நைனா? 'செத்தவன் எழுந்து வரப் போறானா'ன்னு சொன்னியாமே."

என் பேர் அந்தக் கட்டடத்தில் சாய்நாத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. வாட்ச்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சாய்நாத்தைப் போய்ப் பார்த்திருப்பாள். அவன் வாயசைவைப் படித்திருப்பாள். அவ்வளவுதான். போட்டோவை என் பக்கம் நீட்டினாள். உப்பு வாடை வந்தது. மீன்காரியிடம் உப்பு வாடை வராமல் என்ன வரும்?

நான் வாங்கவில்லை. பார்க்கவும் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து, பின்பக்க கேட் வழியாக நடந்துவிட்டேன். வேலை போனால் போகிறது. பின்னால் தெரு முழுக்க அவள் குரல் கேட்டது. கத்தவில்லை. எனக்குத் தெரிய வேண்டிய சேதியைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"இப்பல்லாம் அவன் கயிறு கேக்குறது இல்ல நைனா. கெடச்சிடுச்சாம். கையில வெச்சினுகீறானாம்."

நான் திரும்பவில்லை. நடந்துகொண்டே இருந்தேன். இதையெல்லாம் நம்புகிற ஆள் நான் இல்லை.