ஒன்பது நாள் முடக்கத்தான் தோசை

"ஒம்போதே நாளு தோசை. முட்டி வீக்கம் போன எடம் தெரியல!"

அதைக் கேட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தேன். புதுவாயலில் நான் ஏறிய ஷேர் ஆட்டோ. எதிரே ஒரே கம்பெனியின் நீலக் கோட்டு போட்ட இரண்டு பெண்கள். சொன்னவளுக்கு ஐம்பது வயது இருக்கும். மடியில் ஒரு கட்டு முடக்கத்தான் கீரை.

"நெஜமாவாக்கா?" என்றாள் இளையவள்.

"பின்ன? ஒரு கைப்பிடி கீரைய அரைச்சு மாவுல கலந்து ஊத்துனேன். வாதத்த அப்படியே இழுத்துடுச்சு. உனக்கும் கால் வீங்குதுன்னியே, அதான் எடுத்தாந்தேன்."

"எப்போலேர்ந்து சாப்டுற?"

"மிஷின் சர்வீஸுன்னு கம்பெனிய மூடுனாங்களே, அன்னிலேர்ந்து."

"இன்னிக்குத்தான தொறக்குறாங்க?"

"ஆமா, அதுக்கு இன்னா?"

"ஒம்போது நாளா நீ மிஷின் லைன்ல எட்டு மணி நேரம் நிக்கவே இல்லியேக்கா. ஊட்ல கால நீட்டிக்கினு உக்காந்துனு இருந்த. வீக்கம் வத்துனது அதனாலதான்."

மூத்தவள் கீரைக்கட்டை எடுத்து இளையவளின் பைக்குள் திணித்தாள்.

"எனக்குத் தெரியாதா? கீரைய நான் குடுக்குறேன். எட்டு மணி நேரம் உக்கார ஸ்டூலு எவன் குடுப்பான்? புடி."