துணிக்கொடி ஆன்டெனா

யார் வீட்டில் சாப்பிட்டாலும், கை கழுவும்போது சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத்தானே வருகிறோம். வீட்டிலிருந்தபடியே வெளியூர்க்காரர்களோடு பேசும் அமெச்சூர் ரேடியோ வைத்திருக்கும் எங்களிடமும் அப்படி ஒரு பழக்கம் உண்டு. எதிரில் பேசுகிறவரின் குரல் எப்படிக் கேட்டாலும் ‘ஃபைவ் நைன்’ என்று சொல்லிவிடுவோம். தெளிவாக, பலமாகக் கேட்கிறது என்று அர்த்தம். சொன்ன கையோடு, ‘பேரு என்னன்னீங்க, இன்னொரு தரம் சொல்லுங்க’ என்று கேட்பவர்களும் உண்டு. யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

போன வருஷத்து வெள்ள நிவாரண மலரில் என்னைப் பற்றி எழுத வந்திருக்கிறீர்கள் அம்மா. நீங்கள் காட்டிய பட்டியலில் தொண்டாற்றியவர்கள் பக்கத்தில் முதல் பெயர் என்னுடையது: பூபாலன், விருத்தாசலம், பீங்கான் தொழிற்கூட மேற்பார்வையாளர். இறந்தவர்கள் பக்கத்தில் மாரியம்மாள், பாம்புக்கடி என்று இருக்கிறது. இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் நடந்ததைச் சொல்லாமல் போட்டோவுக்கு உட்கார எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்த ஊரில் முதலில் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவன் நான். நாற்பது மீட்டர் அலைவரிசையில் தினமும் காலை ஏழு மணிக்கு எங்கள் ஆட்கள் கூடுவார்கள். யார் எப்போது பேசலாம் என்று முறை கொடுப்பவனாகப் பதினான்கு வருஷம் இருந்தேன். என் ஆன்டெனா அறுபதடிக் கம்பத்தில், எங்கள் சூளையில் வெந்த பீங்கான் இன்சுலேட்டர்களோடு நிற்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். கல்கத்தாக்காரர் அடுத்த அறையிலிருந்து பேசுவது போலக் கேட்பார்.

இரண்டு தெரு தள்ளி சிந்தாமணி. ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்துகிறவள். வேப்பமரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், பத்தடி உயரத்தில் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தாள்.

“என்னம்மா, துணி காயப்போடறதுக்கா?” என்று எல்லார் காதிலும் விழும்படி ரேடியோவிலேயே கேட்டேன்.

“ஆமாண்ணே. உங்க வேட்டி ஈரமா இருந்தா குடுத்தனுப்புங்க” என்றாள். அன்று எல்லாரும் சிரித்தது என்னைப் பார்த்துத்தான்.

உயர ஆன்டெனாவின் அலை தூரத்துக்குப் போகும், பக்கத்து ஊர்களை விட்டுவிடும். தாழக் கட்டினால் அலை நேரே மேலே போய், சுற்றுவட்டாரத்தில் மழை மாதிரி இறங்கும். இது எனக்குத் தெரியாதது இல்லை.

கார்த்திகையில் வெள்ளாறு பெருகி சேத்தியாத்தோப்புப் பக்கம் போனெல்லாம் அடங்கிவிட்டது. தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் நோட்டோடு என் வீட்டுக்கு வந்தார். கல்கத்தா கேட்டது. முப்பது கிலோமீட்டரில் இருக்கிற யாரும் கேட்கவில்லை. அவர் சிந்தாமணி வீட்டுக்குப் போனார்; ஒரு மணி நேரத்தில் ஏழு ஊர்ச் செய்தி எழுதிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் ஆட்களில் ஒருவர் சொன்னார்: “பூபாலன் சார், முறை குடுக்கறத சிந்தாமணி அம்மா பாக்கட்டும். அவங்களுக்குத்தான் எல்லாம் வுழுது.”

நியாயமான பேச்சு. அன்று சாயங்காலம் அவளைப் பாராட்டப் போனேன். அவள் டீ போட உள்ளே போனாள். ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கோயாக்ஸ் வயர், ஜன்னல் வழியாக என் தோளுக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. அதற்குள் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிப் பின்னிய கம்பி உறை. இரண்டும் தொடக் கூடாது. ஒரு குண்டூசியை ஏற்றினால் தொட்டுவிடும், ரேடியோ செவிடாகும். ஏற்றினேன். வெளியே நீட்டிய தலையை நகவெட்டியால் வெட்டி எடுத்தேன். அவள் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். இரண்டு நாள் அவள் பேசாமல் இருந்தால் சரி, அவ்வளவுதான் நினைத்தேன்.

காலையில் நனைந்துகொண்டே வந்தாள்.

“அண்ணே, வயர்ல தண்ணி பூந்துடுச்சி போலருக்குது. ஒண்ணுமே கேக்கல. இருவது மீட்டர் கோயாக்ஸ் இருந்தா குடுங்க.”

“இல்லியேம்மா” என்றேன். நான் உட்கார்ந்திருந்த கட்டிலுக்கு அடியில் ஒரு சுருள் கிடந்தது.

“அப்போ உங்க ஆன்டெனாவையாவது கயித்த தளத்தி ஆளுயரத்துக்கு எறக்குங்கண்ணே. பக்கத்து ஊருங்க கேக்கும்.”

“மழையில கப்பி சுத்தாது. நீ வூட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன்.”

கப்பி சுற்றும். இறக்கினால் தெருவே பார்க்கும், அவளைப் பார்த்து இறக்கினேன் என்று.

ஒன்பது மணிக்கு ஆதிநாராயணன் கூப்பிட்டார். வெள்ளாற்றங்கரையில் விவசாயம், எங்களில் ஒருவர். டிராக்டர் பேட்டரியில் பேசினார். இரைச்சலுக்கு அடியில் அவர் குரல் என்று தெரிந்தது, சொல் ஒன்றும் தெரியவில்லை. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் குறுக்கிட்டு, “எனக்குக் கொஞ்சம் கேக்குது, நான் கேட்டுச் சொல்லட்டுமா சார்?” என்றார். எனக்குப் பின்னால், சிந்தாமணி வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த தாலுகா ஆபீஸ்காரர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“வேண்டாம், எனக்கு நல்லா வுழுது” என்றேன். பிறகு ஆதிநாராயணனிடம், “ஃபைவ் நைன். செய்தி கெடச்சிது. ஏற்பாடு பண்றேன்” என்றேன்.

“என்ன கேக்குறாருங்க?” என்றார் ஆபீஸ்காரர்.

சிந்தாமணி வாங்கிக் கொடுத்த செய்திகளில் எல்லா ஊரும் அரிசிதான் கேட்டிருந்தது. “அரிசி, மண்ணெண்ணெய். சாயங்காலம் வந்தா போதும்னாரு” என்றேன். எழுதிக்கொண்டார்.

செய்தி போய்விட்டது என்று நம்பி, பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆதிநாராயணன் ரேடியோவை அணைத்துவிட்டார். மேட்டில் மனைவி மாரியம்மாளை மடியில் கிடத்திக்கொண்டு படகுக்காகக் காத்திருந்தார். எட்டரைக்கு விரியன் கடித்திருந்தது. படகு ஐந்து மணிக்கு வந்தது. இரண்டு மூட்டை அரிசி இருந்தது. அந்த அம்மாள் மூன்று மணிக்கே போய்விட்டிருந்தார்.

நடுவில் சத்தம் மங்கிவிட்டது, பாம்பு என்றது விழவில்லை என்று சொன்னேன். நம்பினார்கள்.

காரியத்தன்று சிந்தாமணி ஆதிநாராயணன் எதிரில் போய் நின்றாள்.

“நான் டேப்ப ஒழுங்கா சுத்தியிருந்தா வயர்ல தண்ணி பூந்திருக்காது. எனக்குக் கேட்டிருக்கும். அண்ணி இருந்திருப்பாங்க” என்றாள்.

“வுடும்மா. பூபாலன் சாரு அவ்ளோ தூரம் பாடுபட்டாரு, அவராலயே முடியல” என்றார் அவர்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, “மழைக்கு யாரு என்னம்மா பண்ண முடியும்” என்றேன்.

அடுத்த வாரம் கட்டிலுக்கு அடியிலிருந்த சுருளை எடுத்துப் போய் அவளுக்கு மாட்டிக் கொடுத்தேன். பழைய வயரை மணிமுத்தாற்றில் போட்டேன். அவள் கும்பிட்டாள். அதற்கப்புறம் அவள் ரேடியோவைத் தொடவில்லை. லைசென்ஸைத் திருப்பி அனுப்பப் போவதாகச் சொல்கிறாள். முறை கொடுக்கும் வேலை எனக்கே வந்துவிட்டது.

ஊசியை ஏற்றியது நான். கேட்காததைக் கேட்டதாகச் சொன்னது நான். மாரியம்மாளைக் கொன்றது நான். இப்படியே போடுங்கள் அம்மா, ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம். மலர் ஒன்று மட்டும் சிந்தாமணி வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்மேல் ரொம்ப மரியாதை வைத்திருக்கிறாள். பாவம், அவளால் தாங்க முடியாது.