அக்கரைக்கு மூணு பேர்

ராத்திரி பதினொன்றரை. ஆற்றுப் பாலத்துக்குப் போகிற சாலை. ஒரு விளக்கு எரியவில்லை... ஒரு நாய் குரைக்கவில்லை. கலவரம் நடந்த ஊரில் நாய்கூட யோசித்துத்தான் வாயைத் திறக்கும்.

அந்தச் சாலையில் ஒரே ஒரு லாரி. ஓட்டிப் போனது என் கூட்டாளியின் மாமனார்.

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது.

மாமனார் மாவு மொத்த வியாபாரி. கடைத்தெருவில் அவருக்கு எடைக்கல் என்று பெயர். மூட்டையைத் தூக்கிப் பார்க்க வேண்டாம், கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவார். மூட்டை என்ன, ஆளைப் பார்த்தாலும் சொல்லுவார். ஒரு கல்யாண வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சம்பந்தி அம்மாளின் எடையைச் சொல்லிவிட்டு, விருந்தில் பாதியில் எழுந்து வந்த மனுஷன். பேரத்திலும் அப்படித்தான். அசைக்க முடியாது.

அப்பேர்ப்பட்டவர் அந்த ராத்திரி தனியாக லாரி ஓட்டியது மகளுக்காக. அவள் அக்கரைக்காரனைக் கட்டிக்கொண்டவள். அந்த அக்கரைக்காரன்தான் என் கூட்டாளி. கல்யாணத்திலிருந்தே அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சில்லை. அப்புறம் கலவரம் வந்தது. அந்தக் கரை ஆள் இங்கே வரக்கூடாது, இந்தக் கரை ஆள் அங்கே போகக்கூடாது. பாலத்தில் காவல் போட்டுவிட்டார்கள். அக்கரையில் கடை எல்லாம் சாத்தி, மகள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று யாரோ வந்து சொன்னார்கள். விடிந்தால் பண்டிகை. நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளை பட்டினி... பெத்த மனசு கேட்குமா? கண்டவன் காலைப் பிடித்து, சரக்கு லாரிக்கு மட்டும் கொடுக்கிற அனுமதியை வாங்கினார். எந்த டிரைவரும் வரமாட்டேன் என்றான். சாவியை அவரே எடுத்துக்கொண்டார்.

அந்த அனுமதியில் ஒரு கண்டிப்பு இருந்தது. பாலத்து முகப்பில் ஒரு எடைமேடை. வண்டி, சரக்கு, ஓட்டுகிறவர் எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று அனுமதிச் சீட்டில் முதலிலேயே எழுதியிருக்கும். அங்கே ஏற்றி நிறுத்துவார்கள். மூட்டைக்கு நடுவில் ஆள் கடத்துகிறார்கள் என்று வந்த ஏற்பாடு அது. எடை குறைந்தால் கேள்வி இல்லை. கூடினால் சரக்கு போச்சு, லாரி போச்சு, ஆள் உள்ளே.

தூறல். தார்ப்பாய்க் கயிறு ஒன்று அவிழ்ந்து பலகையில் அடித்துக்கொண்டே வந்தது. சடக்... சடக்... சடக்.

அப்போதுதான் லாரி வெளிச்சத்தில் அவர்கள் தெரிந்தார்கள். சாலை ஓரத்தில் தொப்பி போட்ட ஒரு கிழவர். பக்கத்தில் ஒரு பெண். அவள் இடுப்பில் ஒரு குழந்தை. யாரும் கை காட்டவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான்.

இவர் நிறுத்தவில்லை. "எனக்கு எம் பொண்ணு முக்கியம்," என்று வாய்விட்டே சொன்னார். யாரும் கேட்கவில்லை... இருந்தாலும் சொன்னார்.

அடுத்த வளைவு திரும்பினார். கிழவர். பெண். குழந்தை.

வேறு குடும்பம், என்று தீர்த்துக்கொண்டார். ஊரே ஓடுகிற நேரத்தில் ஒரே மாதிரி இரண்டு குடும்பம் இருக்கக் கூடாதா? தொப்பியையும் ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள். மனசுக்கு இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டு காலை அழுத்தினார். கை மட்டும் ஸ்டீயரிங்கில் நிற்கவில்லை. வியர்வையைத் துடைத்தார், கண்ணாடியைத் திருப்பினார், மறுபடி நேராக்கினார்...

பாலத்து வெளிச்சம் தூரத்தில் தெரிகிற இடம். அங்கேயும் நின்றார்கள்.

இந்த முறை அவர் புத்தி முடிவு பண்ணுவதற்குள் கால் பிரேக்கில் இறங்கிவிட்டது. ஜன்னலை இறக்கினார். குப்பென்று ஒரு வாசனை. தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பு மாதிரி... ஈரச் சாம்பல்.

"அக்கரைக்குங்க," என்றார் கிழவர். "நாளைக்கு நல்ல நாள். வீட்டுல இருக்கணும்."

"ஏத்தினா எடை கூடும் பெரியவரே. எடை கூடினா எம் பொண்ணுக்கு ஒரு பிடி மாவு போய்ச் சேராது. என் நிலைமை உங்களுக்குப் புரியணும்."

கிழவர் பதில் பேசவில்லை. கெஞ்சவும் இல்லை. பேரத்தில் எதிராளி வாயே திறக்கவில்லை என்றால் நாம் பாதி தோற்றுவிட்டோம் என்று அர்த்தம். இது எங்கள் வீட்டுத் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். மாமனாருக்குத் தெரியாதா?

முனகிக்கொண்டே இறங்கினார். மூன்று பேரையும் கண்ணால் எடை போட்டார். கிழவர் ஒரு மூட்டைக்குச் சரி. அந்தப் பெண்ணும் ஏறக்குறைய ஒன்று. குழந்தைக்குக் கால் மூட்டை போதும்... ஆனால் கால் மூட்டையை நடுரோட்டில் எப்படிப் பிரிப்பது? முழு மூட்டையாகவே உருட்டிவிட்டார். ஆயுளில் முதல் தடவையாக எதிராளிக்குச் சாதகமாக எடை போட்டார். மகளுக்கென்று கட்டின மாவு சாலையோரப் பள்ளத்தில் விழுந்தது. தொப்... தொப்... தொப்.

அவர்கள் பின்னால் ஏறினார்கள். பத்துக் கிலோ கூடினாலே கிறீச்சென்று முனகுகிற வண்டி அது. அன்றைக்கு முனகவில்லை. கவனித்தார். கிழட்டு வண்டி, அதுக்கும் தூக்கம் வந்திருக்கும் என்று விட்டுவிட்டார்.

எடைமேடை. இரும்புத் தகட்டில் சக்கரம் ஏறுகிற சத்தம் தடார் என்று கேட்டது. இஞ்சினை அணைத்தார். இப்போது அவருக்குக் கேட்டதெல்லாம் தூறலும் தன் நெஞ்சும்தான். கண் கணக்கு ஒரு மூட்டை பிசகியிருந்தாலும் தீர்ந்தது. பின்னால் அந்தக் குழந்தை ஒரு தும்மல் போட்டாலும் தீர்ந்தது.

எடை பார்க்கிறவர் அறைக்குள்ளிருந்து கத்தினார்: "பெரியவரே, சீட்டுல இருக்கிறதுக்கு மூணு மூட்டை குறையுது. வழியில வித்துட்டீங்களா?"

மாமனாருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. மூணு மூட்டை குறையுது. இறக்கினது தெரிகிறது... ஏற்றினது எங்கே?

அவர் திரும்புவதற்குள் காவலுக்கு நின்ற இளைஞன் டார்ச்சோடு பின்னால் போய்விட்டான். தார்ப்பாய் விலகும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். அவரைக் கேட்டால் ஒரு வருஷம் என்பார்.

இளைஞன் ஜன்னலுக்கு வந்தான். அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தான்.

"நான் எதையும் பார்க்கல. சரியா?"

"தம்பி..."

"பேசாதீங்க. எடை குறைச்சல்னு எழுதிட்டாங்க, உங்க அதிர்ஷ்டம். எனக்கும் அந்தக் குழந்தை வயசுல ஒண்ணு வீட்டுல இருக்கு. நல்ல நாளைக்கு லீவு கேட்டேன், கொடுக்கல." டார்ச்சை அணைத்தான். "எங்கிட்ட இருந்த பிஸ்கட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கிச்சு. கை ஐஸா இருக்கு, பெரியவரே... போனதும் முதல்ல எதையாவது போர்த்திவிடச் சொல்லுங்க."

தடுப்புக் கட்டை மேலே போனது.

பாலம் முழுக்க அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. மகள் வீட்டு வாசலில்தான் பிரேக் போட்டார். மகள் விளக்கோடு வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். எத்தனையோ வருஷத்துச் சண்டை பாக்கி இருந்தது. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவர் அங்கேயே லாரியின் ஏறுபடியில் உட்கார்ந்து, பின்னால் கையைக் காட்டினார்.

தார்ப்பாயை அவிழ்த்தது என் கூட்டாளிதான். உள்ளே மாவு மூட்டைகள். வேறு யாரும் இல்லை. வாசனை மட்டும் இருந்தது என்பான்... ஈரச் சாம்பல்.

விடிந்ததும் மாமனார் ஒரு காரியம் செய்தார். மகளுக்கு ஒரு மூட்டையை ஒதுக்கிவிட்டு மீதியைத் தெருவில் பிரித்துவைத்தார். எந்தப் பக்கத்து ஆள், யார் உறவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து நாளாக ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காத சனம் ஒரே அடுப்பைச் சுற்றி நின்றது. ஒருத்தி பிசைந்தாள், ஒருத்தி சுட்டாள், நேற்றுவரை ஜன்னலைச் சாத்திக்கொண்டவன் விறகு பிளந்தான். யாரோ ஒரு கேலி சொன்னார்கள், யாரோ சிரித்தார்கள்... அந்தத் தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு! மாமனார் மட்டும் உட்காரவில்லை. "எல்லாருக்கும் வந்துச்சா? யாராவது விட்டுப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டு நடந்தபடியே இருந்தார். கேட்கும்போதெல்லாம் லாரிப் பக்கம் ஒரு பார்வை.

"எங்க மாமா ஒரே ராத்திரியில மகானாயிட்டார்டா," என்று என் கூட்டாளி புல்லரித்துப் போனான். கொஞ்சம் அன்பு, மீதியெல்லாம் பயம் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

சாயங்காலம் இருட்டும் நேரத்துக்குக் காலி லாரியோடு கிளம்பினார். தார்ப்பாயைச் சுருட்டி மகள் வீட்டிலேயே போட்டுவிட்டார். பின்பக்கம் திறந்து கிடந்தால் பார்க்கச் சௌகரியம் என்று ஒரு எண்ணம். மகள் வாசலில் நின்று, "அடுத்த நல்ல நாளுக்கும் வந்துடுங்கப்பா," என்றாள். தலையாட்டினார்.

பாலம். அதே எடைமேடை. அதே இளைஞன், தூக்கமில்லாத கண்ணோடு.

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது: "காலி வண்டி. எடை சரியா இருக்கு. விடுங்க."

இளைஞன் கட்டையைத் தூக்கவில்லை. ஜன்னலுக்கு வந்தான். "அந்தக் குழந்தை எப்படி இருக்கு?"

மாமனார் பொய் சொல்லியே கடை கட்டினவர். லாபமில்லாத ஒரு பொய்யை அன்றைக்குத்தான் சொன்னார். "நல்லா இருக்கு தம்பி. வீடு சேர்ந்துட்டாங்க. போர்த்திவிட்டுட்டோம்."

அவன் முகம் தெளிந்தது. நிம்மதியாக மூச்சு விட்டான். டார்ச்சைத் தூக்கி லாரியின் பின்பக்கம் அடித்தான். வெளிச்சம் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் மெதுவாகப் போனது... தலை எண்ணுகிறவன் மாதிரி, நின்று நின்று.

"அப்போ இவங்கல்லாம் யாரு, பெரியவரே?"