ஏழரை அடிக் கட்டில்

உள்ள வாங்கண்ணே, கதவு தொறந்துதான் இருக்கு. கட்டிலா? இந்தக் கட்டிலையா? எங்க, பேப்பரக் காட்டுங்க. ஆமா, இருநூத்தி ஏழு. சரியாத்தான் வந்திருக்கீங்க. இந்த ஹாஸ்டல்ல ஏழரை அடிக் கட்டில் வேற எங்க இருக்கு?

இல்லண்ணே, நான் இன்னும் காலி பண்ணல. பையெல்லாம் கெடக்குது பாருங்க. நேத்து சாயங்காலம்தான் ஊர்லேருந்து வந்தேன். பரவால்ல, ரெண்டு நிமிஷம் உக்காருங்க, போர்வைய எடுத்துடறேன். சட்டையில வெர்னன்னு போட்டிருக்கே, உங்க பேருதானா? நான் ஒடெல். பாஸ்கெட்பால் டீம்.

ஓ, டிவியில பாத்தீங்களா! ஆமா, அந்த மேட்ச்தான், பதினெட்டு பாயிண்ட். அதுதான்ணே வினையே. படிப்பு இன்னும் ரெண்டு வருஷம் இருந்தா இருக்கட்டும், இப்பவே புரொஃபஷனல் டீமுக்குப் பேரு குடுத்துடுன்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சிட்டாங்க. ஏப்ரல்ல குடுத்தேன். குடுத்துட்டாலும் ஒரு தேதிக்குள்ள வாபஸ் வாங்கிக்கலாம். வாங்கினா மறுபடி காலேஜுக்கு ஆடலாம். தேதி தாண்டிட்டா அவ்ளோதான், இங்க நம்ம ஆட்டம் முடிஞ்சுது. இன்னிக்குத்தான்ணே அந்தத் தேதி.

என்ன பண்ணப்போறேனா? இந்த ஒரு மாசத்துல இதக் கேட்ட மொத ஆளு நீங்கதான். மத்தவங்கெல்லாம் எப்பக் கெளம்புறேன்னுதான் கேட்டாங்க.

பேரு குடுத்தவங்களையெல்லாம் வரச்சொல்லி அங்க என்ன பண்ணாங்க தெரியுமா? ஷூவக் கழட்டச் சொல்லி உயரம் அளந்தாங்க. காலேஜ் புத்தகத்துல ஆறடி எட்டங்குலம்னு போட்டிருக்காங்கல்ல, செவுத்துல நிக்க வச்சா ஆறடி ஆறேகால். எல்லாக் காலேஜுமே அப்படித்தான் ஏத்திப் போடும். ஆனா எல்லாரும் போட்ட கணக்க நான் மட்டும் நெசம்னு நம்பிட்டேன் போல. அம்மா போன்ல கேக்குறாங்க, ஏன்டா, அதுக்குள்ள வயசாகி குறுகிட்டியான்னு. சிரிங்கண்ணே, நானும் சிரிச்சேன்.

அப்புறம் ஒரு டீம் கூப்பிட்டு ஆடவிட்டுப் பாத்தாங்க. பெரிய ஹால், ஆளே இல்ல. ஆறு பசங்க. ஓரத்துல நாலு பேரு நோட்டு வச்சிட்டு உக்காந்திருக்காங்க. நாப்பது நிமிஷம்ணே, ஒருத்தன் ஒருத்தனுக்குப் பந்து குடுக்கல. குடுத்தா அவன் போட்டுட்டுப் பேரு வாங்கிடுவானே! எனக்குக் கை கேக்கல. ஓரத்துல ஒருத்தன் தனியா நின்னான், குடுத்துட்டேன். அவன் போட்டான். நோட்டுக்காரரு அவன் பேரக் கேட்டு எழுதிக்கிட்டாரு. ஹோட்டலுக்கு வந்து ரூம்ல தனியா பர்கர் தின்னேன். பக்கத்து ரூம்லதான் அந்தப் பையன் இருந்தான். வர்றியான்னு ஒரு வார்த்த கேக்கல. நானும் போய்த் தட்டல.

பயமா? சேச்சே, பயமில்லண்ணே. அறுபது பேரத்தான் எடுப்பாங்க, அதுல நான் கடைசியில வந்தாலும் வருவேன், வராமயும் போவேன். அது தெரிஞ்சுதான் போனேன். ஆனா ஊர்ல பாருங்க, ஆர்கன்சாவுல எங்க சர்ச்சுல பாஸ்டர் என்னை எழுந்து நிக்கச் சொல்லி ஜெபம் பண்ணிட்டாரு. பெரியம்மா என் பேரு போட்டு முப்பது டி-ஷர்ட் அடிச்சிட்டாங்க. வறுத்த மீனும் அதுவுமா விருந்து. அம்மா கோழி ஃபேக்டரியில கூட வேலை செய்யறவங்கள எல்லாம் கூட்டிட்டு வந்து என் கையப் புடிக்க வச்சாங்க. இந்த ரூம்ல என்கூட இருந்தான் டெஸ்மண்ட், அவன் என்னடான்னா, டேய் ஒடெலு, டிவியில வந்தா எங்களுக்கு ஒரு கைய காட்டுடான்னான். எல்லாருக்கும் அவ்ளோ சந்தோஷம்ணே. ஒருத்தராவது மொகம் சுருங்குவாங்களான்னு பாத்தேன்.

கோச் ஹால்வர்சனா? தோள்மேல கையப் போட்டு, என்ன முடிவெடுத்தாலும் உன் எடம் உனக்குத்தான்டான்னாரு. ஏப்ரல் இருபத்தொம்பது. தேதி ஞாபகம் இருக்கு, அன்னிக்கு எனக்குப் பொறந்த நாளு.

உங்க பேப்பர்ல கீழ என்ன தேதி போட்டிருக்கு? சும்மா படிங்க. ஏப்ரல் இருபத்தொம்பதா. டீம் ஆபீஸ்லேருந்துதானே வந்திருக்கு? கட்டில முன்னூத்திப் பன்னெண்டாம் ரூமுக்குக் கொண்டு போகணுமா. வேற காலேஜ்லேருந்து நம்ம டீமுக்கு ஏழடிப் பையன் ஒருத்தன் வர்றான்னு டெஸ்மண்ட் சொன்னான், நான் வெளாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன்.

கோவமெல்லாம் இல்லண்ணே. யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்ட சொல்றேன். பேரு குடுத்ததே, யாராச்சும் போகாதடான்னு சொல்லுவாங்களான்னு பாக்கத்தான்.

போன் அடிக்குதா? அம்மாதான், அப்புறம் பேசிக்கிறேன். காலையில எட்டு மணிக்கே வாபஸ் கடுதாசி அனுப்பிட்டேன்ணே. ஒரே பக்கம்தான். அங்க எவனாவது தொறந்து பாத்தானோ என்னவோ. கோச்சுக்கு மூணு தடவ அடிச்சேன், எடுக்கல.

அட, ஸ்பேனர ஏன் கீழ வைக்கிறீங்க? உங்க மேல என்ன தப்பு? கழட்டுங்க, அந்தப் பக்கம் நான் புடிச்சுக்கறேன். நான் போகலைங்கிறது இப்போதைக்கு உங்களுக்கு மட்டுந்தான்ணே தெரியும்.