கரையாத மருந்தும் ஜெயம்மாளின் மூச்சும்

அவைக்குத் தலைமை தாங்கும் நெசவாளர் சங்கத் தலைவர், அண்ணன் பரந்தாமன் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே! தறியில் பாவு போட்டது போட்டபடி கிடக்க, ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் பட்டாணி கொறித்தபடி, ‘பஞ்சாட்சரம் எப்போது முடிப்பான்’ என்று கடிகாரத்தைப் பார்க்கும் என் மச்சான் வீராசாமி பாவா அவர்களே! தணிகை மலையடிவாரத்து வணக்கம்!

இன்று நாம் யாரைப் பாராட்டக் கூடினோம்? மணவூரில் பிறந்து, சென்னையில் மருந்து ஆராய்ச்சி செய்யும் தங்கை கோமளவல்லியை! மருந்துக்கூடத்துப் பெண்ணுக்கும் தறிக்காரனுக்கும் என்ன உறவு? என் மனைவி ஜெயம்மாளின் மூச்சுதான் அந்த உறவு!

தறியில் குறுக்கே ஓடும் நாடாவின் கண்ணில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுக்கிறோமே, தாய்மார்களே, நூல் மட்டுமா வருகிறது? பஞ்சுத் தூசியும் சேர்ந்தல்லவா நெஞ்சுக்குள் போகிறது! ஆடிக் கிருத்திகைக்கு அரோகரா போட்டு மலையேறிய என் ஜெயம்மாள், அரைக்குடம் தண்ணீர் தூக்க முடியாமல் உட்கார்ந்தாள். மூச்சு விடுவதே அவளுக்கு முழுநேர வேலையாகிவிட்டது. ஒரு பேச்சைத் தொடங்குவாள், பாதியில் இரைக்கும். மீதியை நான் சொல்லி முடிப்பேன்.

என்ன பாவா? ‘உனக்கு அது சுகம்தானே’ என்கிறீர்களா? ஐயோ, இல்லை பாவா. அவள் வாயால் ஒரு முழுத் திட்டு வாங்க நான் ஏங்கிப்போனேன்! எங்கே இவளைப் பறிகொடுத்துவிடுவேனோ என்று நடுங்கிப்போனேன்.

அப்போது வந்தாள் கோமளவல்லி, பெரிய ஆஸ்பத்திரி டாக்டரின் சம்மதத்தோடு, ஒரு புது மருந்தைக் கையில் ஏந்தி. “அண்ணே, இது தண்ணியில லேசுல கரையாதுங்க. முழுங்கினா வயித்துல கரையாமலே பாதி போயிடும். அதான் மாவவிட நைஸா அரைச்சிருக்கோம். மூச்சோட இழுத்தா நுரையீரல்ல பரவி, அங்க இருக்கிற ஈரத்துல கரைஞ்சிடும்” என்றாள். கல்கண்டு கரைய எத்தனை நேரம்? அதையே பொடித்துப் போட்டால்? அவ்வளவுதான் கணக்கு!

மருந்தை இழுக்கும் குழாயையும் மருந்துக் குப்பிகளையும் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் வந்து பார்த்தால், இரைப்பு இம்மியும் குறையவில்லை! ஏன்? என் ஜெயம்மாள் குப்பியைத் திறந்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று பொடி. மலையைப் பார்த்தாள். ‘முருகா’ என்றாள். நெற்றியில் ஒரு கீற்று, மீதி வாயில், மேலே ஒரு முழுங்கு தண்ணீர்! சிரிக்காதீர்கள் தாய்மார்களே, உங்களில் எத்தனை பேர் அதையே செய்திருப்பீர்கள்?

கோமளவல்லி கோபித்தாளா? இல்லை. கடிந்தாளா? இல்லை. “முருகன் பேரைச் சொல்லுக்கா, வேணாங்கல. ஆனா மூச்சால இழு” என்றாள். இவள் இழுத்தாள், இருமினாள். மறுபடி இழுத்தாள், பயந்தாள். “என்னால ஆவாதும்மா, உட்டுடு” என்று குழாயைத் தள்ளிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

எதிர்த் தறியில் பக்கத்து வீட்டு ரஞ்சிதம் நெய்துகொண்டிருந்தாள். நாடாவுக்குள் நூல் சுற்றிய தார் தீர்ந்தது. புதுத் தார் மாட்டினாள், நாடாவில் வாய் வைத்தாள், சர்ரென்று உறிஞ்சினாள். அதைக் கண்ட கோமளவல்லி துள்ளி எழுந்தாள்! “அக்கா, அதே மாதிரி! நூல இழுக்கிற மாதிரி இழு!” இத்தனை வருடம் செய்த பழக்கமல்லவா! இழுத்தாள் ஜெயம்மாள். மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போனது. நாள் போகப் போக இரைப்பு தணிந்தது, தூக்கம் வந்தது.

போகும்போது தங்கை என்ன சொன்னாள் தெரியுமா? “இனி மருந்தை மட்டும் உறிஞ்சு. நூலைக் கொக்கியால இழு.” எங்கள் தெருவில் இன்று எல்லாத் தறியிலும் கொக்கி தொங்குகிறது, தாயே. உன்னை எப்படி வாழ்த்துவேன்! கரையாத மருந்தைக் கரைத்தாய், கலங்கிய என் குடும்பத்தைக் காத்தாய்!

அதோ, தங்கைக்குப் போர்த்த, தன் கையால் நெய்த ஆடையோடு ஜெயம்மாள் மேடையேறி வருகிறாள். பாருங்கள், எங்கும் நிற்கவில்லை! அவள் பேச்சையெல்லாம் ஒரு காலத்தில் நான்தான் முடித்துவைத்தேன். இன்று என் பேச்சை அவள் முடிக்கட்டும். நன்றியும் வணக்கமும் அவள் வாயாலேயே வரட்டும்.

வா ஜெயம்மா, மைக்கைப் பிடி. இரைக்க இரைக்க இல்லை, நிதானமாக, முழுசாகச் சொல்.