நல்லரத்தினம் அங்கிளின் அடுப்புக் கேள்விகள்

இல்ல மகள், அதை அழிக்க வேணாம், அப்பிடியே இரிக்கட்டும். கூடாரத்துக்குள்ள அடுப்பு மூட்டக் கூடாது. அதுவரைக்கும் சரிதான். அதுக்குப் பிறகு என்ன எழுதுறது எண்டுதான் யோசிக்கிறன். போனில நாலு வரி எழுதுவிக்க வந்து உங்கட அரை மணித்தியாலத்தைத் திண்டுட்டன். கடை பூட்டப் போறீங்களோ? ஆறு மணிதானே. கனடாவில இப்பதான் காலமை ஆறரை. எட்டு மணிக்கு அந்தப் பொடியன் மலைக்கு வெளிக்கிட்டிருவான். மறுகா அஞ்சு நாளைக்குச் சிக்னல் இல்லையாம். அதுக்கு முன்னம் இது அவன்ட கண்ணில படவேணும்.

ஆரெண்டோ? யூரியூப்பில அடுப்புக் காட்டுற பொடியன். ஓம், அடுப்புத்தான். நம்மட குசினி அடுப்பு இல்ல கிளி, முதுகில பையைக் கட்டிக்கொண்டு மலை ஏறுறவங்க கொண்டு போற அடுப்பு. உள்ளங்கைக்குள்ள அடங்கும். எது பாரம் குறைவு, எது கெதியாக் கொதிக்கும், எது காத்துக்கு நிக்கும் எண்டு தராசில வச்சு, மணி பாத்துச் சொல்லுவான். நல்ல தமிழிலதான் சொல்றான்.

சிரிங்க, சிரிங்க. கல்லடிப் பாலத்தில ஏறினாலே மூச்சு வாங்கிற மனிசிக்கு மலை ஏறுற அடுப்பு என்னத்துக்கு? எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனா இப்ப அடுப்பில சோதினை வச்சா இந்த ஐறிஸ்தான் முதலாம் பிள்ளை.

கேளுங்களன். காஸ் குப்பிக்கு மேல திருகிற அடுப்பு ஒண்டு இரிக்கு, எண்பது கிராம். அரை லீற்றர் தண்ணி மூண்டு நிமிசத்தில கொதிக்கும். ஆனா குளிர் கூடினா காஸுக்குச் சோம்பல் வந்திரும், குப்பியைக் கைப்பிள்ளை மாதிரிப் போர்வைக்குள்ள வச்சுப் படுக்கவேணும். பெற்றோல் அடுப்பு எந்தக் குளிருக்கும் நிக்கும். அதுக்குப் பம்ப் அடிக்கவேணும், பாரம், இரைச்சல் வேற, நம்மட பழைய மண்ணெண்ணெய் அடுப்பிட தங்கச்சிதான். அடுப்பும் சட்டியும் ஒண்டாப் பொருந்தினதும் இரிக்கு, மின்னல் மாதிரிக் கொதிக்கும். ஆனா சுடுதண்ணி மட்டும்தான். கறி வச்சா அடிப்பிடிச்சிரும். அது எனக்கு மனசுக்குப் பிடிக்கல்ல. சொதி ஒண்டு வைக்கேலாத அடுப்பை ஆர் முதுகில சுமக்கிறது?

எல்லாத்திலயும் பாரம் குறைவு ஸ்பிரிட் அடுப்பு. சோடாத் தகரப் பேணியை வெட்டி வீட்டிலயே செய்யலாம். செய்தனே! பாமசியில ஸ்பிரிட் வாங்கி, குசினி மேசையில வச்சு மூட்டினன். அந்த நெருப்பு பகல் வெளிச்சத்தில கண்ணுக்குத் தெரியாது எண்டு வீடியோவில தெளிவாச் சொன்னவன்தான். அவன் அதைச் சொன்ன நேரம் பாத்து நான் எழும்பித் தேத்தண்ணி ஊத்தப் போயிட்டன். நூந்து போச்சு எண்டு நினைச்சுக் குனிஞ்சு பாத்தன். இந்தா, இந்தப் புருவத்தைப் பாருங்க. பாதிதான் முளைச்சிரிக்கு, மிச்சம் மையால கீறினது. அண்டைக்கு ஞாயித்துக்கிழமைப் பூசைக்கு முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு போனன். ஐறிசுக்கு வந்த பக்தியைப் பாருங்க எண்டு சனம் நினைச்சிரிக்கும்.

அது கிடக்கட்டும். போன கிழமை வீடியோவில வெளிய நல்ல மழை. இவன் கூடாரத்துக்குள்ள இருந்து, ஸிப்பை மேலால கீழால இழுத்து மூடிப்போட்டு, அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைக்கிறான். என்ன சுகமா இரிக்கு எண்டு சிரிக்கிறான் வேற.

நெருப்புப் பிடிக்கும் எண்டு மட்டுமில்ல மகள். மூடின இடத்தில அடுப்பு எரிஞ்சா நச்சுக் காத்து வரும். மணமில்ல, நிறமில்ல, நித்திரை மாதிரித்தான் வரும். எனக்குத் தெரியும். என்ட மூத்தவன் அப்ப நாலு மாசக் குழந்தை. மாரி மழை, அவன்ட துணி ஒண்டும் காயல்ல. நான் பெரிய கெட்டிக்காரி எண்டு தணல் போட்ட கரிச்சட்டியை அறைக்குள்ள கொண்டு வந்து, குழந்தைக்குக் குளிர்காத்துக் கூடாதெண்டு யன்னல் இடுக்கெல்லாம் சேலைத்துண்டு அடைஞ்சு, பக்கத்தில படுத்திட்டன். எறோல், என்ட மனிசன், பட்டறையில இருந்து நேரத்தோட வந்தது மாதாட கிருபை. கதவை உடைச்சு, ரெண்டு பேரையும் வெளி முத்தத்துச் சேத்துக்குள்ள இழுத்துப் போட்டவர். நான் கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, துணி காஞ்சிட்டோ எண்டு. சாகும் மட்டும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர் அந்த மனிசன்.

அதான் இந்தப் பொடியனுக்கு வீடியோவுக்குக் கீழ ரெண்டு தரம் எழுதிப் போட்டன். பக்கத்து வீட்டுத் தானியாதான் எழுதித் தாறவ. அவ இப்ப வந்தாறுமூலையில கம்பஸ் விடுதிக்குப் போயிட்டா, அதான் உங்களிட்ட வந்தன். என்ட பெருவிரலை வச்சா நாலு எழுத்து ஒண்டா அமந்திருது. முதல் தரத்துக்குப் பதில் வந்திச்சு: பயப்படாதீங்க அங்கிள், எனக்கு ஒண்டும் ஆகாது. ரெண்டாம் தரத்துக்குப் பெருவிரல் படம் ஒண்டு. அவ்வளவுதான்.

அங்கிளோ? ஐயோ, அது நான்தான். போனில பேரைப் பாருங்க, நல்லரத்தினம் எண்டு இரிக்கும். ஆரெண்டு எனக்கும் தெரியாது மகள். செங்கலடியில பழசா வாங்கின போன், உள்ளுக்குள்ள அவர்ட பேரும் சேர்ந்து வந்திட்டுது. நான் கேட்ட முதல் கேள்விக்கே, நல்ல கேள்வி அங்கிள் எண்டு பதில் வந்திச்சு. மறுகா மாத்த மனம் வரல்ல. ஏழு மாசமா நான் ஆம்பிளை. பாவசங்கீர்த்தனத்தில சொன்னனே, ஃபாதர், நான் ஒரு ஆம்பிளையா நடிக்கிறன் எண்டு. ஃபாதர் மூண்டு அருள்நிறைந்த மரியாயே சொல்லச் சொன்னார். அதுக்கு என்ன தண்டனை குடுக்கிறதெண்டு அவருக்கும் தெரியல்ல போல.

ஆனா பாருங்க, மற்றவங்களுக்கு ஒரு சொல்லில பதில் போடுறவன் நல்லரத்தினம் அங்கிளுக்கு மட்டும் நீட்டுக்கு எழுதுவான். அங்கிள், நீங்களும் மலை ஏறினவரோ. அங்கிள், மட்டக்களப்பில இப்ப மழையோ. ஒருக்கா, அங்கிள் சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டான். அண்டைக்கு நான் சாப்பிட்டுத்தான் இருந்தன். அவன் கேட்டானே எண்டு திருப்பியும் போய்ச் சோத்தைப் போட்டுச் சாப்பிட்டன்.

ஓம் மகள், அதைத்தான் நானும் சொல்றன். அங்கிள் எத்தினை தரம் சொன்னாலும் அவன் கேக்கிறானில்ல. அதால இந்த முறை அங்கிள் எழுதப் போறல்ல. கீழ என்ன பேர் போடுறதோ? மம்மி எண்டு போடுங்க.

ஓம். ட்றெவர். என்ட மூத்தவன்.

அவனோட கதைச்சு நாலு வருசம் மகள். எறோல் மோசம் போனப்ப அவனால வரேலாமப் போச்சு. அங்க இன்னும் விசாக் கடுதாசி சரிவரல்ல, வெளிக்கிட்டாத் திரும்ப விட மாட்டாங்க. அது எனக்கு இப்ப விளங்குது. அண்டைக்கு விளங்கல்ல. சவப்பெட்டி மூடுற நேரம் போன் எடுத்தான். அப்பாட முகத்தைப் பாக்க வராதவன் இனி எனக்குப் போன் எடுக்கத் தேவல்ல எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டன். செபமாலை சொல்ற இதே வாய்தான். சின்னனில இருந்து நான் சொன்ன ஒண்டையும் கேளாத பிள்ளை, அந்த ஒண்டை மட்டும் அச்சுப் பிசகாமக் கேட்டுட்டான்.

அவன்ட தங்கச்சி சார்மெயினோட மட்டும் எழுத்துப் போக்குவரத்து இரிக்கு. அவதான் இந்த வீடியோவைக் காட்டினவ. கூடாரத்துக் கதையை அவவைக் கொண்டும் அவனுக்குச் சொல்லுவிச்சன். சிரிக்கிற மூஞ்சி ஒண்டு அனுப்பினானாம்.

தெரியும் மகள், எனக்கும் பயந்தான். இதைப் போட்டா நல்லரத்தினம் அங்கிள் இண்டையோட முடிஞ்சுது. இனி நல்ல கேள்வியும் இல்ல, சாப்பிட்டீங்களோவும் இல்ல. கோவத்தில அவன்ட வீடியோவை நான் பாக்கேலாமப் பூட்டியும் வைப்பான். வைக்கட்டும். உயிரோட இருந்து கோவிக்கட்டும்.

அந்த முதல் வரிக்குக் கீழ எழுதுங்க. ட்றெவி. ஓம், ட்றெவி எண்டுதான், யூரியூப்பில அவனுக்கு வேற பேர். இந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டது வீட்டில நாங்க மூண்டு பேர்தான், அதில ஒராள் கல்லறையில. ட்றெவி, அடுப்பை வெளிய வச்சு மூட்டு. மழையெண்டா நனை. தேத்தண்ணி இல்லாட்டிப் பச்சைத்தண்ணியைக் குடி. கூடாரத்துக்குள்ள மட்டும் மூட்டாத. மம்மி.

மன்னிப்போ? இல்ல மகள், அது இதுக்குள்ள வேணாம். அதைப் போட்டா அவன் அழுதுபோட்டு அடுப்பை மறந்திருவான். அதை வேற நாளைக்குக் கேப்பம், முதல் ஆள் மலையால இறங்கி வரட்டும். மேல நல்லரத்தினம், கீழ மம்மி. பாக்கிற சனம் என்ன நினைக்குமோ!

நில்லுங்க, சிலுவை போட்டுக்கொள்றன். ம். அமத்துங்க.

போயிட்டோ?

சரி, நீங்க கடையைப் பூட்டுங்க மகள். அங்க எட்டாக இன்னும் ஒண்டேகால் மணித்தியாலம் இரிக்கு. நான் வெளிய படியில இருக்கிறன். என்ட போனில டேட்டா இல்ல. உங்கட வைஃபை படி வரைக்கும் வருமோ?