காரில் முன்னால் போனவன் சொன்னது

வயது நாற்பத்தெட்டு. தொழில், அடுக்குமாடிக் கட்டடங்களில் லிப்ட் பழுது பார்ப்பது. மேலே குறித்துள்ள விலாசத்தில் மனைவியுடனும் மகளுடனும் பதினோரு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். நேற்று இறந்துபோனவர் எனக்கு இருபத்திரண்டு வருட நண்பர். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. ஆள் உயரம் என்பதால் நாங்கள் அவனை நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். இதிலும் அப்படியே சொல்கிறேன்.

நானும் நெட்டையும் வருடத்துக்கு ஒருமுறை சைக்கிளில் தொலைதூரம் போவது வழக்கம். போன வருடம் எனக்கு முழங்கால் எலும்பு முறிந்து கம்பி வைத்ததால், இந்த முறை அவன் சைக்கிள் ஓட்டுவது, நான் காரில் உதவிக்குப் போவது என்று முடிவு செய்தோம். மொத்தம் ஐந்து நாள் பயணம். நான் பதினைந்து கிலோமீட்டர் முன்னால் போய் நிற்பேன். அவன் வந்ததும் தண்ணீர், வாழைப்பழம் கொடுத்து, டயரைப் பார்த்து அனுப்பிவிட்டு, அதன் பிறகு அவனைத் தாண்டும்போது இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு மறுபடி முன்னால் போவேன்.

மூன்றாம் நாளான நேற்று காலை ஆறு பத்துக்குக் கிளம்பினோம். மேகமூட்டமாக இருந்தது. முதல் மூன்று நிறுத்தங்களில் சிரித்துப் பேசினான். நான்காவதில் பழம் வேண்டாம் என்றான். அதன் பிறகு பன்னிரண்டு ஐம்பதுக்குச் சாலையோர ஓட்டல் ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தோம். போனைக் காரிலேயே சார்ஜ் போட்டுவிட்டு வந்தான். சாப்பாட்டைத் தொடவில்லை. குளிர்ந்த காற்று வீசியும் அவன் கழுத்தெல்லாம் வியர்வை. இன்றைக்குப் போதும், சைக்கிளைக் கார் மேல் கட்டிவிடலாம் என்று சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்களுக்கும் கேட்கும்படி, "உன் கால் ஒடஞ்சதுக்கு நானும் கார்ல உக்காரணுமாடா?" என்றான். நான், "எப்படியோ போய்த் தொலை" என்றேன். நான் அவனிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஒன்று நாற்பதுக்கு அவன் கிளம்பினான். பத்து நிமிடம் கழித்து நான் அவனைத் தாண்டிப் போனேன். ஹாரன் அடிக்கவில்லை. பதினைந்தாவது கிலோமீட்டரில் நிற்கவும் இல்லை. வழியில் அவன் போன் காரிலேயே இருப்பதைப் பார்த்தேன். திரும்பிப் போய்க் கொடுத்திருக்கலாம். போகவில்லை. நாற்பத்தோரு கிலோமீட்டர் தள்ளி அன்று தங்க வேண்டிய லாட்ஜுக்கு மூன்று மணி வாக்கில் போய்ச் சேர்ந்து, இரண்டு பேருக்கும் அறை எடுத்து, அவன் போனை அங்கே சார்ஜ் போட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு படுத்தேன்.

மூன்று இருபதுக்கு நெட்டையின் போனில் அவன் மனைவி அழைத்தார். நான் எடுத்தேன். "என்னண்ணா, அவரு போனை நீங்க எடுக்கறீங்க?" என்று கேட்டார். சார்ஜில் இருக்கிறது, அவன் பின்னால் வந்துகொண்டிருக்கிறான் என்றேன். "சாப்பிட்டாராண்ணா?" என்றார். "ஒரு பிடி பிடிச்சான் தங்கச்சி" என்று சொன்னேன். அது பொய்.

அதன் பிறகு மூன்று முப்பத்தைந்துக்கு என் போனில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. என் எண் நெட்டைக்கு மனப்பாடம் என்பதால் யாரிடமோ போன் வாங்கி அவன்தான் அழைக்கிறான் என்று எனக்குத் தெரியும். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி வந்ததைத் துண்டித்தேன். மூன்று நாற்பத்தொன்றுக்கு மூன்றாம் முறை வந்தது. அதையும் துண்டித்தேன். ஏன் எடுக்கவில்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி கேட்டார். கொஞ்சம் கெஞ்சட்டும் என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை.

நான்கு ஐந்துக்கு அதே எண்ணிலிருந்து மறுபடி வந்தபோது கோபம் தணிந்திருந்ததால் எடுத்தேன். ஒரு பெண் பேசினார். "சைக்கிள்ல வந்தவரு உங்க ஆளா சார்? பேச்சு மூச்சு இல்ல. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். சீக்கிரம் வாங்க" என்றார். பெட்ரோல் போடும் இடம் என்று அடையாளம் சொன்னார். உடனே காரை எடுத்து இருபது கிலோமீட்டர் திரும்பிப் போனேன். காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நெட்டையைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். தலைக்கு அந்தப் பெண்ணின் கைப்பை. ஒரு காலில் செருப்பு இல்லாமல் அந்தப் பெண் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அதன் பின்னாலேயே நான் போனேன். ஐந்து பத்துக்கு உயிர் இல்லை என்று மருத்துவர் சொன்னார். இதயம் நின்றுவிட்டதாம். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். "அதெல்லாம் யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார்.

பிறகு அந்தப் பெண்ணிடம் போய் நடந்ததைக் கேட்டேன். அவர் அங்கே பெட்ரோல் போடும் வேலை பார்ப்பவர். நெட்டை மூன்றரைக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, நெஞ்சு கனமாக இருக்கிறது என்று நாற்காலி கேட்டு உட்கார்ந்திருக்கிறான். ஆம்புலன்சைக் கூப்பிடவா என்று அப்போதே கேட்டிருக்கிறார். "வேணாம்மா, நம்ம ஆளு கார் வச்சிருக்கான். கோவத்துல இருக்கான், போனை எடுக்க மாட்டான். ஆனா வந்துருவான்" என்றானாம். அதன் பிறகும் இரண்டு முறை கேட்டதாகவும், இரண்டு முறையும் அதையே சொன்னதாகவும் அவர் கூறினார்.

இன்று காலை அவன் மனைவி தம்பியுடன் மருத்துவமனைக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீங்க கூட இருந்தீங்கண்ணா. அந்த ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்றார். யார் மேலும் சந்தேகம் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருப்பதால், போன் அழைப்புகளை எல்லாம் விவரமாக எழுத வேண்டிய அவசியமில்லை என்று அதிகாரி என்னிடம் சொன்னார். எழுதச் சொல்லி நான்தான் கேட்டுக்கொண்டேன். இதன் நகல் நெட்டையின் மனைவிக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும்.

எழுதியதை அதிகாரி ஒருமுறை படித்துக் காட்டினார். "போனை எடுக்க இயலவில்லை" என்று ஓரிடத்தில் இருந்ததை "எடுக்கவில்லை" என்று அடித்துத் திருத்தி, அந்த இடத்தில் என் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றபடி அனைத்தும் நான் சொன்னதே, உண்மையே. யாருடைய வற்புறுத்தலும் இல்லை.

(கையொப்பம்)

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது,
விசாரணை அதிகாரி